வாரின் மறுமுனை

"கத்தியோட முதுகு முன்னால போகணும், வாய் பின்னால வரணும். எத்தன தடவ சொல்றது? உன் மண்டையில ஏறவே ஏறாதா?"

கணவன் போட்ட கூச்சலில் அவளுக்குக் கையில் இருந்த சவரக்கத்தியை வீசி எறியலாம் போல வந்தது. கடையில் இருக்கிற நல்ல கத்தி அது ஒன்றுதான் என்பதால் எறியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அதை மறுபடியும் தீட்டுகிற தோல் வாரின் மேல் படுக்க வைத்தாள்.

வண்டியிலிருந்து விழுந்ததில் அவனுடைய வலது கை போய்விட்டது. கை இருக்கிறது, விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அன்று பூட்டிய சலூனை இன்னும் தொழிலுக்குத் திறக்கவில்லை. இடம் இன்னும் மாமனார் பேரில் இருந்தது. ஓடுகிற கடையை யாரும் கேட்க முடியாது, பூட்டிய கடையை யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது அந்தக் குடும்பத்து நியாயம். கொழுந்தன் கேட்டுவிட்டான். "அண்ணனால இனி முடியாது அண்ணி. செல்போன் கவர் கடை போட்டா பிச்சுக்கிட்டுப் போகும். நாளைக்குக் காலைல வந்து சாவிய வாங்கிக்கிறேன்" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

நாளைக் காலையில் கடை திறந்திருக்க வேண்டும். அவளுக்கு முடி வெட்ட வரும். சோப்பு தடவிய பலூனில் மழித்துப் பழகியும் ஆயிற்று. வாரில் வந்துதான் எல்லாம் நின்றது. கத்தி தீட்டத் தீட்ட மழுங்கியது. முன்கையில் வைத்துப் பார்த்தால் ஒரு முடிகூட அசையவில்லை.

"வாரை நாற்காலிக் கொக்கியில மாட்டிக்கட்டுமா?" என்று ஆரம்பத்திலேயே கேட்டாள்.

"கொக்கிக்கு என்ன தெரியும்? நான் புடிக்கிறேன்" என்றான் அவன். இடது கையால் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, வாயால் அவளை வறுத்தெடுத்தான். எருமைக்குக்கூட இதற்குள் வந்திருக்குமாம். அவளுக்குக் கண்ணீர் முட்டியது. அழுதால் அதற்கும் ஏதாவது சொல்வான் என்று நிமிர்ந்து எதிர்க் கண்ணாடியைப் பார்த்தபடியே கத்தியை இழுத்தாள்.

அப்போதுதான் பார்த்தாள். கத்தி பாதி தூரம் போனதும் கண்ணாடியில் அவன் இடது கை மெல்ல முன்னால் வந்தது. வார் தொய்ந்தது. தொய்ந்த தோலில் கத்தியின் வாய் மடங்கியது. முனைக்குப் போனதும் கை பழையபடி பின்னால் போய்விட்டது. அடுத்த இழுப்பிலும் அதே கதை.

அவள் கத்தியை மடக்கி மேசை மேல் வைத்தாள்.

"வேணும்னே விடுறீங்க."

"என்னத்த விடுறேன்?"

"வாரைத்தான். காலைலேர்ந்து என்னை எருமை மாடுன்னு சொல்லிக்கிட்டு, நீங்களே தொய்ய விடுறீங்க. மனுஷனா நீங்க?"

அவன் முகத்தைத் திருப்பினான். திருப்பின பக்கமும் கண்ணாடி இருந்தது. பல நாள் தாடியோடு தன் மூஞ்சியைத்தான் அவன் பார்க்க வேண்டியிருந்தது.

"நீயும் கத்துக்கிட்டா அப்புறம் நான் எதுக்குடி?" என்றான்.

இன்னொரு நாளாக இருந்தால் அவள் மனம் இளகியிருக்கும். இன்று இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. "நான் கத்துக்காம, உங்க தம்பி கவர் மாட்டுறப்ப மட்டும் நீங்க எதுக்காம்? கல்லாவுல பொம்மை மாதிரி உக்காரவா? எனக்கு வராதுன்னு நெனச்சு நெனச்சு நான் செத்துட்டேன். அதைப் பார்த்துக்கிட்டு சும்மா நின்னீங்களே!"

அவன் கையிலிருந்து வாரைப் பிடுங்கிக் கொக்கியில் மாட்டினாள். விண்ணென்று இழுத்துப் பிடித்தாள். முதுகு முன்னால், வாய் பின்னால். வாரின் கடைசியில் கத்தியை முதுகின் மேலேயே புரட்டி மறுபடி. கோபத்தில் அழுத்தினால் தோல் கிழியும் என்பதால் கோபத்தை வாயில் வைத்துக்கொண்டாள். திட்டித் திட்டியே தீட்டினாள். முன்கையில் வைத்தாள். ஒரு பட்டை அளவுக்கு முடி சுத்தமாக வந்தது.

"உக்காருங்க" என்றாள்.

அவன் கத்தியைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். உட்கார்ந்து தாடையைத் தூக்கிக் கொடுத்தான்.

மறுநாள் காலையில் கொழுந்தன் வந்தபோது கதவு திறந்திருந்தது. அண்ணன் மழமழவென்ற முகத்தோடு வாசலில் நின்றான். உள்ளே அண்ணி கத்தி தீட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி. உக்காருங்க, முதல் சவரம் உங்களுக்குத்தான்."

கொழுந்தனின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அவசர வேலை ஒன்று ஞாபகம் வந்ததாகச் சொல்லிவிட்டு வந்த வழியே போனான். சாவியைப் பற்றிப் பேச்சே இல்லை.

கணவன் உள்ளே வந்து வாரின் மறுமுனைக்கு இடது கையை நீட்டினான்.

"அதைத் தொடாதீங்க. கொக்கி நல்லாத்தான் புடிக்குது" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "போய்த் தண்ணியச் சுட வைங்க. ஆள் வர்ற நேரமாச்சு."