பெயர் சொல்லாத ஒருத்தர்

குடியை நிறுத்துவதற்காக என் கணவர் ஜெஸ்டின் ஆறு மாதமாக ஞாயிறு தவறாமல் மீட்டிங் போகிறார். அங்கே பேசுகிறவர்களின் பெயரை வெளியே சொல்லக் கூடாதாம். அதனால் வீட்டில் "ஒருத்தர்" என்றுதான் சொல்வார். பெண்டாட்டி வாயைத் திறந்தாலே அந்த ஒருத்தருக்கு ஆத்திரம் வருமாம். அவள் தூங்கும்போது தலையணையோடு பக்கத்தில் போய் நிற்பாராம். கை நடுங்குவதால் திரும்பிவிடுவாராம். அந்தப் பெண்ணுக்காக நானும் தினம் ஒரு ஜெபமாலை சொன்னேன், பைத்தியக்காரி.

குடும்பத்தாரும் வரலாம் என்று யாரோ சொல்ல, இன்று நானே உழவர்கரையில் அவர் சொன்ன கோயில் ஹாலைத் தேடிப் போனேன். கதவில் துருப்பிடித்த பூட்டு தொங்கியது.

"மீட்டிங்கா? யாரும் வரலன்னு போன வருஷமே நிறுத்திட்டாங்களே அக்கா" என்றார், வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவர்.

ஏழு மணிக்கு ஜெஸ்டின் வீட்டுக்கு வந்தார். குடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும், வாடையே இல்லை. நிதானமாகச் செருப்பைக் கழற்றினார்.

"மீட்டிங் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு மெரின். அந்த ஒருத்தர் இன்னிக்குத்தான் தெளிவா பேசினாரு" என்றார். "இப்பல்லாம் கை நடுங்கறதே இல்லியாம்."