டோலிக்கு ஹாரன் இல்லை

கொல்லிமலை ஊர்களில் ஒன்றான குண்டனி நாட்டில் இருந்தது ஒரே ஒரு டோலி. இரண்டு நீள மூங்கில், நடுவில் கயிறு பின்னிய ஒரு நாற்காலி, தூக்க நான்கு ஆள். மலைக்கு வண்டிப் பாதை இல்லாத அந்தக் காலத்தில், நடக்க முடியாதவர்களைக் கீழே இறக்க வேறு வழி கிடையாது. கருப்பண்ணனின் மனைவி பாவாயிக்கு விடியும்போதே வலி கண்டுவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பொழுது சாய்வதற்குள் சேந்தமங்கலம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். அவன் ஓடிப்போய்ப் பார்த்தால், டோலியின் மேல் அரக்கு முத்திரை வைத்திருந்தது.

பக்கத்தில் காக்கி உடுப்போடு நின்றவர் பிரேக் இன்ஸ்பெக்டர் மாதேஸ்வரன். வாடகைக்கு ஓடும் வாகனம் எதுவானாலும் வருஷத்துக்கு ஒருமுறை சோதித்த பிறகே ஆள் ஏற்ற வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. சமவெளியில் பஸ்களையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, மூச்சிரைக்க மலையேறி வந்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல. தன் கையெழுத்தை நம்பி ஏறுகிறவர்கள் பத்திரமாக இறங்க வேண்டும் என்று தினமும் சாமி கும்பிடுகிறவர்.

"அய்யா, பொம்பளைக்கு வலிங்க. சீக்கிரம் பாத்து உடுங்க," என்றான் கருப்பண்ணன்.

"அதுக்குத்தானப்பா நல்லாப் பாக்கோணும். உக்காரப் போறது ரெண்டு உசுரு."

அந்தப் பேச்சு கருப்பண்ணனுக்கு நியாயமாகவே பட்டது. அதுதான் வம்பாகப் போயிற்று.

"சக்கரம்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"இல்லீங்க," என்றான் செல்லமுத்து. தூக்குகிறவர்களில் முன்னால் நிற்பவன், பாவாயிக்கு அண்ணன் முறை.

சக்கரம் இல்லை, ஆகவே தேயவில்லை என்று அவர் குறித்துக்கொண்டார்.

"பிரேக்?"

"நானுங்க."

"நீயா?"

"நான் நின்னா எல்லாரும் நின்னுக்குவாங்க."

சொன்னால் போதாது, சோதிக்க வேண்டும். இன்ஸ்பெக்டரே டோலியில் ஏறி உட்கார்ந்து சரிவில் ஓடச் சொன்னார். "நிறுத்து," என்றார். முன்னால் இருந்தவர்கள் நின்றார்கள், பின்னால் இருந்தவர்கள் நிற்கவில்லை. இன்ஸ்பெக்டர் செல்லமுத்துவின் முதுகில் போய்ச் சாய்ந்து நின்றார். திருப்தியாகாமல் இன்னும் இருமுறை ஓடவிட்டார். பிறகு கயிற்றில் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். மூங்கிலைத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். பொழுது உச்சிக்கு ஏறிவிட்டது.

"எத்தனை பேர் ஏறலாம்?"

"ஒருத்தருங்க."

அதற்குள் கைத்தாங்கலாக வந்து, பலாமரத்தடியில் முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பாவாயியை இன்ஸ்பெக்டர் பார்த்தார். மனசுக்குள் எண்ணினார். பேனா நின்றுவிட்டது.

"ஏனுங்க," என்றாள் பாவாயி, "ரெண்டாவது ஆளு இங்கயே எறங்கிக்கும்போல இருக்குது. அப்பறம் ஒருத்தி கணக்குத்தான்."

அவர் அவசரமாக 'ஒருவர்' என்று எழுதினார். மிச்சம் ஹாரன் ஒன்றுதான். டோலிக்கு ஹாரன் இல்லை. ஹாரன் இல்லாத வாகனத்தை ஓடவிட அவர் மனம் ஒப்பவில்லை. தன் பையிலிருந்த ரப்பர் ஹாரனை எடுத்துக் கொடுத்தார். தூக்குகிறவர்களுக்கு அதை அமுக்கக் கை ஏது? கடைசியில், "சரி, நானே முன்னால வாரேன்," என்று கிளம்பிவிட்டார்.

ஊர்வலம் இறங்கியது. இன்ஸ்பெக்டர் வளைவுக்கு வளைவு 'பாம் பாம்' என்று அடித்தார். எதிரே வந்த குரங்குகள் மரத்தில் ஏறி ஒதுங்கி வழிவிட்டன. கருப்பண்ணன் டோலியைப் பிடித்தபடி கூடவே ஓடினான். பாதி மலை இறங்கியிருப்பார்கள். செல்லமுத்துவின் முழங்கால் மடங்கியது. டோலி ஒரு பக்கமாகச் சாய, கருப்பண்ணன் பாய்ந்து மூங்கிலுக்குத் தோள் கொடுத்தான். மெல்ல இறக்கி வைத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் ஓடிவந்து கயிற்றைப் பார்த்தார், மூங்கிலைப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான இருக்குது," என்றார், அழமாட்டாத குறையாக.

கருப்பண்ணன் செல்லமுத்துவின் உதட்டைப் பார்த்தான். வெடித்துக் கிடந்தது.

"மச்சான், காலைல ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"அம்மனத் தூக்குறப்ப சாப்புடுவாங்களா மாப்ள?"

ஊர் வழக்கம் அது. திருவிழாவில் அம்மன் சப்பரம் தூக்குகிறவர்கள், இறக்கி வைக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். இரண்டு உயிரோடு இருக்கிற பெண்ணைத் தூக்குவதும் அப்படித்தான். விடிந்ததும் தொடங்கிய விரதம். உச்சிக்குள் முடிந்திருக்க வேண்டியது, சோதனையில் நீண்டுவிட்டது. கருப்பண்ணனுக்கும் தெரிந்த வழக்கம்தான். மனைவியைப் பற்றிய பயத்தில் அந்த நாலு வயிற்றை அவன் நினைக்கவில்லை. ஆண்டவன் சில சமயம் நம் கண்ணெதிரே இருப்பதைத்தான் கடைசியில் காட்டுகிறான்.

இன்ஸ்பெக்டர் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். "அத நான் பாக்கவே இல்லியேப்பா," என்றார்.

"கொஞ்சம் தண்ணியாச்சும் குடிங்க மச்சான்."

"வெரதம் முறிஞ்சா அவளுக்குத்தான் ஆகாது. இருக்கட்டும், தூக்கறோம்." எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு சாப்பிடலாம் என்று பாவாயி மடியில் மலைவாழைப்பழச் சீப்பு ஒன்றை வைத்திருந்தாள். வலி கொஞ்சம் விட்டதும் அதை எடுத்தாள்.

"ஏண்ணா, இப்ப நான் அம்மன்தான?"

"ஆமா கண்ணு."

"அம்மனே பிரசாதம் குடுத்தா வேண்டாம்பியா?"

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு கேள்வி அந்த மலையில் அதுவரை எழுந்ததில்லை. சாமி கையால் கொடுப்பதை மறுப்பது விரதம் முறிவதைவிடப் பெரிய குற்றம். செல்லமுத்து இரண்டு கையும் ஏந்தி வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றான். மற்ற மூவரும் தின்றார்கள். சுனையில் மொண்டு வந்த தண்ணீரையும் அவள் கையாலேயே வார்க்கச் சொல்லிக் குடித்தார்கள்.

"நீங்களும் வாங்கிக்கங்க ஹாரனய்யா. அமுக்கி அமுக்கி உங்க மொகமும் வத்திப்போச்சு," என்று இன்ஸ்பெக்டருக்கும் ஒன்று நீட்டினாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த வலி வந்தது. "போதும், தூக்குங்க. சாமிக்கு வலிக்குது."

இறங்கினார்கள். இந்த முறை கால்கள் தடுமாறவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து குழந்தையின் குரல் கேட்டது. டாக்டரம்மா வெளியே வந்து, "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. இன்னும் கொஞ்ச நேரம் தாமதிச்சிருந்தா கஷ்டம்," என்றார்.

கருப்பண்ணன் கும்பிட்டுவிட்டு, சேதி சொல்ல வாசலுக்கு வந்தான். எதிர்க்கடையிலிருந்து இட்டிலி வாங்கி வந்து, நாலு பேருக்கும் இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தார் இன்ஸ்பெக்டர். செல்லமுத்து கையை மறித்து, போதும் என்றான். அவர் விடவில்லை.

"பொண்ணுங்க," என்றான் கருப்பண்ணன்.

"நல்லதாப் போச்சு. உக்காரு," என்று அவனுக்கும் ஓர் இலையைப் போட்டார் இன்ஸ்பெக்டர். "நீயும் காலைலருந்து சாப்புடல."