ஒளியாரின் புது விளக்கு

உயிர் என்ற ஒன்று இவ்வுலகில் தோன்றியதே ஒளியால்தான். ஒளி இல்லையேல் பவளம் இல்லை, கடல் இல்லை, நாம் எவரும் இல்லை. ஒளியை அறிந்தவனே உயிரை அறிந்தவன்.

சைக்கிள் கடைக்கு மேலே இருந்த சின்னக் கூடத்தில், பவளத் தொட்டி வளர்ப்போர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் இப்படி முழங்கிவிட்டு, ஒளியார் கையிலிருந்த கோலை நீட்டித் திரையில் இருந்த படத்தைச் சுட்டினார். கோல் சுட்டியது மின்விசிறி ஸ்விட்சை. வந்திருந்தவர்கள் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் ஸ்விட்சைப் பார்த்தார்கள். ஒருவர் குறிப்புக்கூட எடுத்துக்கொண்டார்.

ஒளியார் என்பது சங்கத்தார் கேலிக்கு வைத்த பெயர். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளக் காரணமும் இருந்தது. பெயிண்ட் தொழிற்சாலையில் நிறம் ஒப்பிடும் பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மற்றவர்களுக்கு வெறும் வெள்ளையாகத் தெரிவதில் பால் வெள்ளை, முத்து வெள்ளை, சாம்பல் வெள்ளை என்று பிரித்து அடுக்குவார். நிறம் அளக்கும் கருவி வந்தபோது, "கருவி எதுக்கு, கண்ணு இருக்கே" என்று சொல்லி அதை அட்டைப்பெட்டியிலேயே வைத்திருந்தவர். அந்தக் கண்ணை நம்பித்தான் வீட்டு ஹாலில் கடல்நீர்த் தொட்டியையும் வைத்தார்.

தொட்டியில் மீன்கள் இருந்தன, பல தினுசுப் பவளங்கள் இருந்தன. ஆனால் அவருக்கு உயிராக இருந்தது ஒன்றுதான். மகள் வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன் வாங்கித் தந்த பவளம். தந்தபோது கட்டைவிரல் அளவுதான். இப்போது உள்ளங்கை அளவுக்கு வளர்ந்து, விரல் விரலாக நீட்டி நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. மகள் போன் செய்தால் முதலில் அம்மாவை விசாரிப்பாள், அடுத்துப் பவளத்தை விசாரிப்பாள், நேரம் மிச்சமிருந்தால் அப்பாவையும் விசாரிப்பாள். அவள் விடுமுறைக்கு வரப்போகிற நேரம் பார்த்து மற்றப் பவளங்கள் ஒவ்வொன்றாக வெளுக்க ஆரம்பித்தன. வெளுப்பு இடது ஓரத்தில் தொடங்கி, வலது ஓரத்தில் இருந்த மகளின் பவளத்தை நோக்கி நகர்ந்து வந்தது.

"பட்டினி," என்றார் ஒளியார். "வெளிச்சப் பட்டினி. இருக்குற விளக்கை முழுசா ஏத்தியும் தொட்டி எப்படி இருண்டு கெடக்குது பாரு."

தொட்டிக்கு வலப்பக்கம் நாற்காலி போட்டுத் தைத்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை. "இருட்டா? எனக்கு மத்தியான வெயில் மாதிரி அடிக்குதுங்க. ராத்திரியில ஊசி கோக்க இந்த வெளிச்சமே போதும்."

"உன் ஊசி வேற, பவளம் வேற."

"அது தெரியுதே. என் ஊசி வெளுக்கல."

மறுநாள் இருவரும் விளக்குக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் வாயாடி. "சார், இதை விளக்குன்னு சொன்னா எனக்கே மனசு வராது. சூரியனை மடிச்சுப் பெட்டியில வச்சு விக்கிறோம்," என்று இருப்பதிலேயே பெரிய விளக்கைப் போட்டுக் காட்டினார். காட்சித் தொட்டியின் மீன்கள் கல்லுக்குப் பின்னால் ஒதுங்கின. மனைவி கைப்பையை முகத்துக்கு நேரே தூக்கினாள். ஒளியார் மட்டும் கிட்டே போய், பெண் பார்க்க வந்தவர் மாதிரி விளக்கை நேருக்கு நேர் பார்த்தார்.

"பரவாயில்ல. நீலத்தைக் கொஞ்சம் கூட்டுங்க."

"நீலம் முழுசா வச்சிருக்கேன் சார்."

"எங்க வச்சிருக்கீங்க? மஞ்சளடிக்குது. இதைவிடப் பெருசு இல்லையா?"

கடைக்காரர் அவரைப் பார்த்தார், அவர் மனைவியைப் பார்த்தார், பிறகு பில்லைப் போட்டார். பெட்டியைக் கட்டும்போதுதான் தொண்டையைக் கனைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். எங்கப்பாவும் போன வருஷம் இப்படித்தான் எரியுற ட்யூப் லைட்டை அண்ணாந்து பார்த்து, ஏன்டா இன்னும் போடலன்னு கேட்டாரு. பார்த்தா கண்ணுல புரை. எடுத்ததும் மனுஷன் புதுசாயிட்டாரு. நீங்களும் ஒரு தடவை காட்டிருங்க."

"இதை பில் போடுறதுக்கு முன்னால சொல்லக் கூடாதா?" என்றாள் மனைவி.

"முன்னால சொன்னா சார் கோவிச்சுக்கிட்டுக் கிளம்பியிருப்பாரும்மா."

வீடு வரும்வரை ஒளியாருக்கு ஆறவில்லை. "வாழ்நாள் பூரா நிறம் பார்த்த கண்ணு இது. அதுக்குப் போய்ப் புரையாம். அவன் அப்பன் என்ன வேலை பார்த்தானாம்?"

"விளக்குதான் வித்தாராம்," என்றாள் மனைவி.

தொட்டிக்கு மேலே தச்சர் செய்து தந்த மர மூடிக்குள் சூரியன் குடியேறியது. போனில் விரலைத் தேய்த்தால் வெளிச்சம் ஏறும், இறங்கும். ஒளியார் இறக்கும் பக்கம் விரலைக் கொண்டுபோகவே இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் பல் துலக்கியதும் முதல் வேலையாக ஒரு படி ஏற்றுவார். ஏற்ற ஏற்றப் பவளங்கள் வெளுத்தன. வெளுக்க வெளுக்க அவர் ஏற்றினார்.

ஒரு விநோதம் மட்டும் நடந்தது. வலது ஓரத்தில் மகளின் பவளம் மட்டும் வாடவில்லை, கொழுகொழுவென்று ஆடியது. அடுத்த கூட்டத்தில் ஒளியார் அதற்கும் ஒரு தத்துவம் வைத்திருந்தார்.

"ஒளியைத் தாங்குற தகுதி எல்லாத்துக்கும் வந்துடாது. அது எங்க வீட்டுப் பவளம்."

"அப்போ மத்ததெல்லாம் வாடகைக்கு வந்ததா?" என்றார் முன்வரிசையில் இருந்த பல் டாக்டர்.

கண் காட்டப் போகும்படி ஆனது மகளால்தான். புறப்படுவதற்குச் சில வாரம் முன்பு வீடியோவில் வந்து, "பவளத்தைக் காட்டுங்கப்பா," என்றாள். ஒளியார் போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, எவ்வளவு வளர்ந்திருக்கிறது, எப்படிக் கிளை விட்டிருக்கிறது என்று விளக்கிக்கொண்டே போனார். மகள் கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள்.

"அப்பா, அது கண்ணாடி தொடைக்கிற ஸ்பாஞ்சு."

ஒளியார் போனைக் கண்ணாடியிலிருந்து எடுத்தார். பிறகு அவள், "நான் வர்றதுக்குள்ள கண்ணைக் காட்டுங்க. இல்லன்னா நான் வரல," என்றாள். ஒளியார் அன்று சாயந்திரமே போனார்.

"இந்தக் கண்ண வச்சுக்கிட்டு இத்தனை நாள் எப்படிங்க சமாளிச்சீங்க?" என்று கேட்டார் கண் டாக்டரம்மா.

"அனுபவம்," என்றார் ஒளியார்.

ஒரு கண்ணில் புரையை எடுத்து, இடைவெளி விட்டு மறு கண்ணிலும் எடுத்தார்கள். அதுவரை கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மனைவி விடவில்லை. கழற்றிக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, வீட்டுக்கு வந்து கழற்றியவர், ஹாலில் அப்படியே நின்றார்.

சந்தன நிறம் என்று அவர் நினைத்திருந்த சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. தொட்டி, வெல்டிங் பட்டறை வாசல் மாதிரி எரிந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒளியார் ஒளிக்கு எதிரே கையை வைத்துக் கண்ணை மறைத்தார். கையிடுக்கில் பார்த்தபோது இடது பக்கமும் நடுவும் எலும்புக் குவியலாகக் கிடந்தன. அவருக்குப் புரிந்துவிட்டது. பட்டினி போடவில்லை, உயிரோடு வாட்டியிருக்கிறார்.

பதறிக்கொண்டு வலது ஓரத்துக்கு ஓடினார். மகளின் பவளம் இருந்தது. இளம்பச்சையில், ஒவ்வொரு விரல் நுனியிலும் ஊதாப் பொட்டு வைத்து, அவசரமே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பொட்டுகளை அவர் இதுவரை பார்த்ததே இல்லை. முழங்கால் முறுமுறுக்கக் குனிந்து மர மூடிக்குள் எட்டிப் பார்த்தார். விளக்கின் வலது பாதியில் கொசுவலைத் துணி மடித்து மடித்துத் தொங்கியது, துணி காயப்போடும் கிளிப்புகளின் பிடியில்.

"இது யாரு வேலை?"

"கோவிச்சுக்காதீங்க," என்றாள் மனைவி. "வெளிச்சம் நேரா என் கண்ணுல வந்து குத்துச்சு. ஜன்னலுக்கு அடிச்ச வலையில மிச்சம் கெடந்தது. நீங்க ஒரு படி ஏத்துனா நான் ஒரு மடிப்பு போட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. வெயில் மாதிரி அடிக்குதுன்னு."

"அப்போ பவளத்தைக் காப்பாத்தத்தான் இவ்வளவும்..."

"எனக்குப் பவளத்தைப் பத்தி என்னங்க தெரியும்? தலைவலிக்குப் போட்டேன்."

ஒளியார் போனை எடுத்து, விரலை முதல் முறையாக இறக்கும் பக்கம் தேய்த்தார். ஹால் குளிர்ந்தது. மீன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவர் ஒரு நாற்காலியை இழுத்து மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, தொட்டியைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார். காதோரம் முழுக்க நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கோடு விழுந்திருந்தது. தலைவலியால் விழுந்த கோடாகவும் இருக்கலாம்.

"என்னங்க அப்படிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. நல்லாருக்க." கொஞ்சம் கழித்து, "தலைவலி இப்ப எப்படி இருக்கு?" என்றார். இதை அவர் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று இருவருக்குமே நினைவில்லை.

"விட்டுருச்சு," என்றாள்.

"நீ இல்லன்னா நம்ம பொண்ணுகிட்ட காட்ட ஒண்ணுமே இருந்திருக்காது," என்றார். குரல் சங்கத்தில் பேசும் குரல் இல்லை. மனைவி ஊசியையும் நூலையும் அவர் கையில் கொடுத்தாள். ஒரே தடவையில் கோத்துத் தந்தார்.

அதன் பிறகு அவருக்கு நன்றிப் பித்துப் பிடித்தது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்து நன்றி சொன்னார். சொட்டு மருந்து தந்த மருந்துக்கடைக்குப் போய்ச் சொன்னார். பல் டாக்டருக்குச் சொன்னார். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை, ஆனாலும் ஏற்றுக்கொண்டார். விளக்குக் கடைக்காரருக்கும் தழுதழுத்துச் சொன்னார். "ரொம்ப சந்தோஷம் சார்," என்றார் அவர். "இப்பத்தான் சின்ன சைஸ் ஒண்ணு வந்திருக்கு, அனுப்பட்டுமா?" ஒளியார் அதற்கும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

மகள் வந்து இறங்குகிற நாள். விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். சங்கத்தில் பேசுவதற்கென்றே துணியெடுத்து, நிறத்தைத் தானே பார்த்துத் தேர்ந்தெடுத்து, ஒரே மாதிரி மூன்றாகத் தைத்து வைத்திருந்த பழுப்பு நிற பேண்ட்டுகளில் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்று பீரோவைத் திறந்தார்.

மூன்றும் கத்தரிப்பூ நிறம்.