வேலிக்கம்பியில் கட்டிய மண்டபம்

டோட்டாரா ஓடை என்ற ஊரின் போர் நினைவு மண்டபம், திறந்துவைத்த சனிக்கிழமையன்றே தரையை விட்டு முழங்கால் உயரம் எழும்பியது. விருந்து நடனம் முடிந்ததும் இறங்கிவிட்டது. நியூசிலாந்தின் அந்த ஆட்டுப்பண்ணைப் பக்கத்தில் இதைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அங்கே விருந்து நடனம்தான் முக்கியம். அதில் எவனோடு ஆடுகிறாளோ அவனோடுதான் பெண் சாப்பிடப் போவாள், ஊரில் பாதிக் கல்யாணம் அப்படித்தான் நிச்சயமாயிற்று. தாமதமாக வந்த பெண்கள் கேக்குத் தட்டுகளை எக்கி நின்று வாசலுக்குள் நீட்டினார்கள், உள்ளே இருந்தவர்கள் குனிந்து வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் மண்டபக் கமிட்டித் தலைவர் மெர்வ் டிண்டல் நாலு மூலையிலும் கட்டை அடித்து, வேலிக்கம்பியால் மண்டபத்தை இழுத்துக் கட்டினார். அந்த ஊரில் வாயிற்கதவு தொங்கினாலும் வண்டியின் புகைக்குழாய் கழன்றாலும் வைத்தியம் வேலிக்கம்பிதான். கட்டிய பிறகு மண்டபம் ஒரு சாண்தான் எழும்பியது, எல்லோருக்கும் திருப்தி.

நோயெலின் பர்விஸுக்கு மட்டும் திருப்தியில்லை. நடனத்துக்கு முன் மெழுகுவத்தியைச் சீவித் தரையில் தூவி, பிள்ளைகளைச் சாக்கில் உட்காரவைத்து இழுத்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது அவள் பொறுப்பு. அந்தத் தரையின் ஒவ்வொரு முனகலும் அவளுக்குத் தெரியும். சுவரில் இருந்த பலகையில் போரிலிருந்து திரும்பாத பதினொரு பையன்களின் பெயர்கள் தங்க எழுத்தில் மின்னின, அதில் ஒன்று அவள் தம்பி டெஸ்மண்டுடையது. கப்பலோடு கடலில் போனவன். கல்லறை கிடையாது, அவனுக்கென்று உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்தப் பலகைதான். விருந்து நடனம் தொடங்கி மண்டபம் எழும்பும்போதெல்லாம் தரைக்கு அடியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அதில் ஒரு ஜோடி எப்போதும் மூன்றாவது அடியில் பிந்தியது. ஆட்டுமயிர் கத்தரிக்கும் கொட்டகையில் டெஸ்மண்டுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தபோது அக்காவின் கால் விரல்களை மிதித்தே புண்ணாக்கிய அதே கால்.

மெர்விடம் சொல்லிப் பார்த்தாள். "கீழ நம்ம பசங்க ஆடுறாங்க, மெர்வ்."

"ஆடட்டுமே. கம்பி தாங்கும்" என்றார் அவர்.

இப்படியே முப்பது வருஷம் ஓடியது. பிறகு மாவட்ட சபையின் பொறியாளர் வந்து அடியில் தவழ்ந்து பார்த்தார். தூண்களெல்லாம் உளுத்துப்போயின, மண்டபத்தை இடிக்க வேண்டும், பலகை நகரத்து அருங்காட்சியகத்தின் நிலவறைக்குப் போகும் என்று சபை முடிவு செய்தது. டெஸ்மண்டை இரண்டாவது தடவை மூழ்கடிக்கப் போகிறார்களே என்று நோயெலின் புலம்பினாள். சபையின் அதிகாரம் மண்டபத்தை ஒட்டி ஓடும் ஆற்றோடு முடிகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்; அக்கரை வேறு மாவட்டம். ஆனால் மண்டபம் இருந்தது இக்கரையில்.

கடைசி நடனத்துக்குப் பொறியாளரையும் அழைத்தார்கள், கூப்பிடாமல் இருப்பது அங்கே மரியாதையில்லை. கோடைகாலம், வெளியே வெயில் இன்னும் மிச்சமிருந்தது. அக்கரைப் பண்ணைக்காரன் ஹோஹெபா, பலகையில் தன் அண்ணன் பெயரும் உள்ளவன், அக்கார்டியனை விரித்து விருந்து நடனத்தை வாசிக்க ஆரம்பித்தான். மண்டபம் எழும்பியது, கம்பிகள் முறுக்கேறி ஊளையிட்டன. அப்போதுதான் நோயெலினுக்கு உறைத்தது. பையன்கள் சும்மா ஆடவில்லை, மண்டபத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் கம்பி அவர்களைப் பிடித்து இழுத்திருக்கிறது. அவள் வெளியே குதித்து, மெர்வின் வண்டியிலிருந்து கம்பி வெட்டும் குறடை எடுத்தாள்.

பின்னாலேயே ஓடிவந்த மெர்வ் மூச்சு வாங்கினார். "என்ன பண்ற, நோயெலின்?"

"முப்பது வருஷமா பசங்களக் கட்டிப்போட்டிருக்கோம், மெர்வ்."

அவர் குறடைப் பிடுங்கினார். தடுக்கத்தான் போகிறார் என்று அவள் நினைத்தாள். "தள்ளு. இந்த முடிச்சு நான் போட்டது" என்றார். மூன்று மூலைக் கம்பிகளை அவரே வெட்டினார், நாலாவதை அவளிடம் விட்டார். இருவரும் படியில் தொற்றி ஏறியதுமே மண்டபம் புறப்பட்டுவிட்டது. வேலிக்கு மேலே, வில்லோ மரங்களை உரசிக்கொண்டு, ஆற்றைக் கடந்து போயிற்று! தேநீர் ஒரு சொட்டு சிந்தவில்லை, கோப்பைகள் மட்டும் கிலுகிலுத்தன. உள்ளே ஒருவர் காலும் நிலைகொள்ளவில்லை, அவ்வளவு சந்தோஷம். கசாப்புக்காரர் மனைவியோடு ஆடிக்கொண்டிருந்த பொறியாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டார், ஆனால் அடி தவறவில்லை. அக்கரையில் ஆடுகள் விலகி இடம் விட்டன, மண்டபம் புல்லில் அமர்ந்தது. ஹோஹெபா பாட்டை முடித்துவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "நம்ம நிலந்தான். நாளைக்கு வேலியைத் தள்ளிப் போட்டுக்கறேன்" என்றான்.

நோயெலின் இறங்கிக் கரைக்குப் போனாள். சேற்றில் பூட்ஸ் தடங்கள் ஆற்றுக்குள்ளிருந்து ஏறி வந்திருந்தன, எல்லாம் தாளம் பிசகாமல். ஒரு ஜோடி மட்டும் மூன்றாவது அடியில் பிந்தியிருந்தது. அவள் சிரித்தாள், கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

"இன்னுமாடா கத்துக்கல நீ" என்றாள். விருந்து ஆறிவிடுமே என்று உள்ளே போனாள்.

அதன் பிறகு யாரும் கம்பி கட்டவில்லை. சில சனிக்கிழமைகளில் மண்டபம் ஆற்றின் மேல் ஒரு சுற்றுப் போய்விட்டு வரும். தட்டோடு தாமதமாக வருகிறவர்கள் அதுவரை வேலியோரம் காத்திருப்பார்கள்.