எர்த் வயர்

வீட்டுக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஃபெமினா கொட்டகையில் நின்ற அப்பாவின் பழைய அம்பாசடரின் பானெட்டைத் தூக்கி நிறுத்தினாள். அவருடைய அடக்கத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

விடியற்காலையில் அப்பா பங்கிராஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, வீட்டில் அம்மாவும் தம்பி ஜெஸ்வினும்தான் இருந்தார்கள். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். ஜெஸ்வின் அப்பாவைப் பின்சீட்டில் படுக்கவைத்துச் சாவியைப் போட்டான். விளக்கெல்லாம் எரிந்தது, வண்டி கிளம்பவில்லை. ஆவூர்த் தெருவில் ஆட்களை எழுப்பி, தள்ளிக் கிளப்புவதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. கீரனூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார்.

ஃபெமினா திருச்சியிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து, சித்தப்பா அருள்தாஸ் வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பயலுக்கு ஒரு வண்டிய ஸ்டார்ட் பண்ணத் தெரியல. பதட்டத்துல எதையோ அமுக்கிக் கெடுத்துப்புட்டான்."

ஜெஸ்வின் பந்தல் கம்பத்தோடு ஒட்டி நின்றான். ஃபெமினா அவனைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"இங்கிட்டு வா. சாவி ஒங்கிட்டதான இருக்கு? ஏறி உக்காரு."

"இப்ப எதுக்குக்கா?"

"ஹெட்லைட்டப் போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணு."

வெளிச்சம் நன்றாகவே இருந்தது. அவன் ஸ்டார்ட்டரை அமுக்கியதும் 'டக்' என்ற சத்தத்தோடு அணைவது போல மங்கியது. விட்டதும் பழையபடி எரிந்தது. பையிலிருந்து வோல்ட் மீட்டரை எடுத்து பேட்டரியின் இரு முனையிலும் வைத்து, இன்னொரு முறை அமுக்கச் சொன்னாள். பன்னிரண்டு வோல்ட் குறையவில்லை, பேட்டரியில் கோளாறில்லை. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை வண்டியின் தகரத்திலும் வைத்தாள்.

"மறுபடி அமுக்கு."

அரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டியது ஏழைத் தாண்டியது. கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிற வழியில்தான் அடைப்பு. அந்த வழி ஒரே ஒரு எர்த் வயர். போன ஞாயிற்றுக்கிழமை அவளே மாட்டிய புது வயர்.

போல்ட்டைக் கழற்றினாள். அடியில் அப்பா அடித்திருந்த பச்சைப் பெயின்ட் கலையாமல் அப்படியே இருந்தது. பெயின்ட் வழியே கரண்ட் போகாது; அதைச் சுரண்டிவிட்டு, வெறும் தகரத்தில்தான் வயரை மாட்ட வேண்டும். பாலிடெக்னிக்கில் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு அவள் சொல்லிக்கொடுப்பதுதான். ஆனால் அன்றைக்கு அப்பா பக்கத்தில் நின்று, "ரெண்டு கோட்டு அடிச்சேம்மா, எப்புடி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சுரண்ட மனசு வரவில்லை. போல்ட்டின் மரை தகரத்தைக் கொஞ்சம் தொட்டதில், அன்று வண்டி கிளம்பவும் செய்தது.

"என்னக்கா?"

"இரு."

உப்புத்தாளை வைத்து அழுத்தித் தேய்த்தாள். பச்சை போய்த் தகரம் பளபளத்தது. வயரை வைத்து முறுக்கினாள்.

"அமுக்கு."

முதல் அமுக்கிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்குள் ஜெபம் நின்றுபோனது. சித்தப்பா வேகமாக வந்தார். அவருக்குப் பின்னால் அம்மா மரிய செல்வி வாசல்வரை வந்து நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா? இப்ப ஓடுதுல்ல! வண்டியில ஒண்ணுமே இல்ல. காலையில இவந்தான்…"

ஜெஸ்வின் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்தான். பேசாமல் இருந்துவிட்டால் போதும், இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன ஒண்ணும் சொல்லாதீங்க சித்தப்பா. ஞாயித்துக்கெழம இந்த வயர மாட்டுனது நாந்தான். பெயின்ட்டச் சொரண்டாம மாட்டிட்டேன். அதான் காலையில எடுக்கல. அவன் செஞ்சதெல்லாம் சரிதான்."

"என்னம்மா சொல்ற நீ?"

இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஜெஸ்வின் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தான். பிறகு சாவியைத் திருப்பி அணைத்தான்.

அம்மா உள்ளே போனாள். திறந்திருந்த கதவு வழியே ஃபெமினாவுக்குத் தெரிந்தது. அம்மா அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். பிறகு சற்று நகர்ந்து, இன்னோர் ஆள் உட்கார இடம் விட்டாள்.