கண்ணகையின் திறமைச் சித்தி

கொட்டாஞ்சேனையில் தேங்காய் நூற்றெண்பது ரூபாய்க்கு விற்ற ஒரு சனிக்கிழமை காலை, எண்பதடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த கண்ணகையின் இடது முழங்கையை ஏழாவது கல் உடைத்தது. முதல் ஆறும் குறி தப்பினவை. எறிந்தவர்கள் நல்ல குடும்பத்து ஆக்கள்தான். மொட்டைமாடியில் குளிக்கிற பொம்பிளைகளை அவள் எட்டிப் பார்க்கிறாளாம். சீ, என்ன கதை! அவள் பார்த்ததெல்லாம் மணிக்கூட்டைத்தான். முகத்துவாரத்து அறையிலிருந்து எட்டரைக்குள் வெள்ளவத்தைப் புடைவைக்கடைக்கு வேலைக்குப் போய்ச் சேரவேணும், பஸ்ஸென்றால் ஒன்றரை மணித்தியாலம். விழுந்தவளை மூன்று பேர் உதைத்தார்கள். நாலாவது ஆள் தலைமயிரைப் பிடித்திழுத்து, "லைசன்ஸ் இருக்கோடி உனக்கு?" என்று கேட்டான்.

வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் குடும்பத்துப் பிள்ளை அவள். லைசன்ஸ் ஒன்று இருந்தால் இனி ஒருத்தனும் கை வைக்கமாட்டான் என்று நம்பிவிட்டாள், பாவம். ஆதிவாசி இளைஞர்களுக்கு அரசாங்கச் செலவில் விமானிப் பயிற்சியும் லைசன்ஸும் என்று பேப்பரில் வர, தாய்மாமன் சிவக்கொழுந்து அதற்கு ஆள் எடுக்கிற மருதானைக் கந்தோருக்கு அவளைக் கூட்டிப்போனார். அதிகாரி இரத்தினசிங்கத்துக்கு முன்னால், கட்டுப்போட்ட கையோடு அந்தரத்தில் எழும்பிக் காட்டினாள். மின்விசிறி அவளுடைய காதில் பாதியைச் சீவிவிட்டது. இரத்தினசிங்கம் விண்ணப்பக் கோவையில் தெறித்த இரத்தத்தைத் துடைத்துவிட்டு, "பறக்கிறது சரி பிள்ளை. சாதாரண தரச் சோதினையில கணிதம் பெயில் எல்லோ? வெறும் பாஸும் காணாது, திறமைச் சித்தி வேணும்" என்றார். மூன்று வருஷம் கணித வாத்தியாரே இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்கு வேறென்ன வரும்? சிவக்கொழுந்து மேசையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து அவருடைய மூக்கை உடைத்தார். காவலாளிகள் சிவக்கொழுந்தின் முன்பல் நாலையும் உடைத்தார்கள்.

அவளுடைய சனத்தில், தேனெடுக்கிறவன் ஒரு கூட்டில் தவறினால் அந்தக் கூட்டுக்குத்தான் திரும்பிப் போவான், மற்றக் கூடுகளைத் தொடமாட்டான். அதே நியாயத்தில் அடுத்த மார்கழியில் கணிதத்தை மட்டும் எழுதித் திறமைச் சித்தி எடுத்தாள். பெறுபேற்றைப் பார்த்த இரத்தினசிங்கம் வளைந்த மூக்கால் மூச்சு விட்டுச் சொன்னார்: "ஆறு பாடமும் ஒரே தடவையில சித்தியடைஞ்சிருக்கோணும்."

கண்ணகை அவருடைய பெல்ட்டைப் பிடித்துத் தூக்கி, ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போனாள். களனி ஆறு கடலில் விழுகிற இடத்துக்கு மேலே, முந்நூறு அடியில், கன்னத்தில் கண்ணாடிச் சில்லு குத்தி நிற்கத் தொங்கினவரிடம், "இப்ப சொல்லுங்க சேர்" என்றாள். மனுசன் நேர்மையானவர், அதையும் சொல்லத்தான் வேணும். "சுற்றறிக்கையை நான் மாத்தேலாது பிள்ளை" என்றார். அவள் கையை விட்டாள். மீன்பிடிகாரர் வலைபோட்டு எடுத்தபோது இரண்டு காலும் உடைந்திருந்தன. நிராகரிப்புக் கடிதத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே கையெழுத்துப் போட்டார்.

பொலிஸ் அவளுடைய முகத்துவாரத்து அறை வாசலில் காவல் நின்றது. இறங்கினால் பிடிப்பார்கள், அதனால் அவள் இறங்கவில்லை. மூன்று வருஷமாகிறது. வெள்ளவத்தைக் கடை முதலாளி சேலைகளை மாடிக்கு அனுப்புகிறார், அவள் அந்தரத்தில் நின்று மடித்துக் கொடுக்கிறாள். சனமும் பழகிவிட்டது, அண்ணாந்து பார்ப்பவர் குறைவு. வருஷாவருஷம் பயிற்சிக்கு விண்ணப்பம் கோருகிறபோது சிவக்கொழுந்து பேப்பரோடு மாடியேறி, பல்லில்லாத வாயால் உரத்து வாசிப்பார். இந்தமுறை வயதெல்லை என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். இருபத்தைந்து என்று போட்டிருந்தது. அவளுக்கு ஆவணியில் இருபத்தாறு முடிந்தது.

"வாசிங்க மாமா" என்றாள் மேலேயிருந்து. "ஏன் நிப்பாட்டினீங்க? முழுக்க வாசிங்க."

அவர் முழுக்க வாசித்தார்.