பஸீல் சேரின் திருத்தம்

பதுளையில் நாங்கள் நடத்தும் வாரப் பத்திரிகையில் தோட்டத்துரை எப்போதும் ‘அவர்’, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் எப்போதும் ‘அவள்’. பல வருடமாக அது யாருக்கும் உறுத்தவில்லை. ஆசிரியர் பஸீல் சேர் கொழும்பில் ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போய் வந்துதான் அதை மாற்றினார். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரிடமே முதலில் கேட்க வேண்டும், இனி எல்லோருக்கும் ‘அவர்’ என்றார். ஆணா பெண்ணா என்று நாம் முடிவு கட்டக் கூடாத இடத்தில் மகன், மகள் என்ற சொற்களையும் தவிர்க்கச் சொன்னார். அந்த விதிகளைத் தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டியவள் நான். சேர் நல்ல மனிதர். அவர்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மரண அறிவித்தல்களை வாங்கி அடிப்பது என் வேலை. கொஸ்லந்தைப் பக்கத் தோட்டத்திலிருந்து நேசராணி அக்கா வந்து, முப்பத்தோராம் நாள் நினைவு அறிவித்தல் போட வேண்டும் என்றார். அவருடைய பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஜெசிந்தன். பண்டாரவளையில் ஒரு தையல் கடையில் வேலை செய்து, நிலக்ஷனா என்ற பெண்ணாக வாழ்ந்து, காய்ச்சலில் இறந்துபோனவள். தகப்பன் சிங்கராயர் அந்தப் பெயரை வாயில் எடுத்ததே இல்லை. சட்டையும் காற்சட்டையும் போட்டு, ஜெசிந்தன் என்றே புதைத்தார்கள். பெட்டியை மூடும்போது வாயைத் திறக்காமல் நின்றுவிட்டேன் என்று சொல்லி நேசராணி அக்கா அழுதார்.

அதன் பிறகு ஒரு மாதம் வீட்டில் சண்டை. கடைசியில் சிங்கராயர் இறங்கி வந்திருக்கிறார். அங்கே முப்பத்தோராம் நாள் பூசையில் பத்திரிகையில் வந்த அறிவித்தலை சுவாமியாருக்கு உதவும் உபதேசியார் கோயிலில் எல்லோர் முன்னும் வாசிப்பார். பூசை முடிந்ததும் கல்லறையில் மரச் சிலுவையை எடுத்துவிட்டு, சீமெந்துச் சிலுவையை நட்டு அதில் பெயர் எழுதுவார்கள்.

“பேப்பர்ல மகள்னு வரட்டும், கோயில்ல எல்லாரும் கேக்கட்டும், அப்புறம் நிலக்ஷனானே எழுதிருவோம்னு சொல்லிட்டாரு மிஸ்” என்றார் நேசராணி அக்கா.

அந்த மனுஷனுக்குத் தானாக முதலில் சொல்லத் தைரியம் இல்லை. யாராவது முன்னால் சொன்னால் பின்னால் நின்றுகொள்வார். அதுவே அக்காவுக்குப் பெரிய விஷயம். ‘சிங்கராயர், நேசராணி தம்பதியரின் அன்பு மகள் நிலக்ஷனா’ என்று அடித்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

பக்கம் அச்சுக்குப் போன அன்று நான் லீவு. போன மாதம் சிங்கராயர் கொடுத்த மரண அறிவித்தலில் ‘மகன் ஜெசிந்தன்’ என்று வந்திருந்தது பஸீல் சேருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. தகப்பன் மகன் என்கிறார், இப்போது மகள் என்று வருகிறது, குடும்பத்துக்குள் நாம் ஏன் தலையிட வேண்டும் என்று யோசித்திருக்கிறார். பெயரில் கை வைக்கவில்லை. ‘மகள்’ என்பதை மட்டும் ‘பிள்ளை’ என்று மாற்றிவிட்டார்.

பத்திரிகையைப் பார்த்ததும் சேரிடம் ஓடினேன். பிள்ளை என்றால் இரண்டு பேருக்கும் பொதுதானே, யாருக்கும் மனம் நோகாது என்றார் நிதானமாக.

“அந்தத் தாய்க்கு ஒரு ஃபோன் கோல் எடுத்துக் கேட்டிருக்கலாமே சேர். சம்பந்தப்பட்டவங்கள்ட கேக்கணும்னுதானே நம்மட விதியில முதலாவதா இருக்கு” என்றேன்.

சம்பந்தப்பட்டவர் உயிரோடு இல்லையே என்று முணுமுணுத்தார். உடனே நேசராணி அக்காவுக்கு எடுத்துப் பார்த்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் சிக்னல் கிடைப்பதே அபூர்வம். பத்திரிகைக் கட்டு அதற்குள் கொஸ்லந்தை பஸ்ஸில் போய்விட்டது.

பூசைக்கு மறுநாள் நேசராணி அக்காவே வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன், போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அமைதியாக உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். உபதேசியார் வாசித்தாராம். பிள்ளை என்ற சொல் யாருக்கும் புதிதாகப் படவில்லை, கோயிலில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லையாம். கல்லறையில் மேசன் பெயின்டும் தூரிகையுமாகக் காத்திருக்க, சிங்கராயர் பத்திரிகையை விரித்துத் திரும்பவும் பார்த்திருக்கிறார்.

“படிச்சவங்களே மகள்னு போடப் பயந்திருக்காங்க, நான் மட்டும் எப்படி எழுதுறதுன்னு கேட்டாரு மிஸ்.”

மேசனிடம் ஜெசிந்தன் என்று எழுதச் சொல்லிவிட்டாராம்.

பஸீல் சேர் தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். மன்னிப்புக் கேட்டார். அடுத்த வாரம் முன்பக்கத்தில், மகள் என்றே, படத்தோடு பெரிதாகப் போடுவதாகச் சொன்னார். ஒப்புக்குச் சொல்லவில்லை.

நேசராணி அக்கா மறுத்துத் தலையை ஆட்டினார்.

“வேணாங்க சேர். எங்க வீட்டுக்காரரு ஒரு தடவதான் சரின்னாரு, அதுக்கே நான் ஒரு மாசம் அழுதேன். என் மகள இப்ப ரெண்டாவது தடவயும் மகனாத்தான் பொதச்சிருக்கோம்.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டார். நான் வாசல் வரை கூடப் போனேன்.